பேய்க்குத் தெரிந்த நட்சத்திரம்

“செத்துப்போனவ செல்போன்ல சாதகம் அனுப்பறாளாமா? ஏனுங்க பூவாத்தா, எங்க பையனைப் புடிக்கலீன்னா நேராச் சொல்லிப்போடுங்க. இப்படிப் பேய்க்கதை கட்டாதீங்க.”

“புடிக்காமயா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கறோம்? உங்க ஊட்டுப் பேயை உங்க ஊட்டோட வெச்சுக்கங்கன்னுதான் சொல்றேன்.”

“என்ற மருமவளைப் பேய்ங்காதீங்க. நல்லா இருக்காது.”

“அப்பறம் என்னங்க, சாமிங்களா? சாமி எதுக்கு என்ற புள்ளைக்கு நோட்டிபிகேஷன் அனுப்புது?”

இதற்கு நாமகிரிப்பேட்டைப் பொன்னாத்தாளிடம் பதில் இருந்தது. மூச்சுதான் இல்லை. அவள் மூச்சு வாங்கிக்கொள்ளும்வரை ராசிபுரத்தில் பூவாத்தாளின் தெருவே மூச்சை அடக்கிக் காத்திருந்தது. எதிர்வீட்டு மாடியில் ஒரு பெண், எப்போதோ காய்ந்துவிட்ட பாவாடையைத் திரும்பத் திரும்ப உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

சம்பந்தி ஆகப்போகிற, அல்லது ஆகாமல் போகப்போகிற அந்த இரண்டு பெண்களுக்கும் நடுவே, மோர் டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருந்தாள் மஞ்சுளா. கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேலே அவளுடைய துப்பறியும் அலுவலகம். மாப்பிள்ளை விசாரிப்பதுதான் முக்கியத் தொழில். சேலம், நாமக்கல் பக்கம் எந்த மாப்பிள்ளை எந்தக் கடையில் எந்த நாற்காலியில் உட்கார்ந்து குடிப்பான் என்பது அவளுக்கு அத்துப்படி என்று பேச்சு. அதில் பாதி உண்மை. மீதியை அவளே பரப்பினாள்.

பொன்னாத்தாளின் மகன் சந்தோஷ்குமாரை நல்லவன் என்று எழுதிக் கொடுத்ததும் அவள்தான். சவ்வரிசி ஆலை, குடி இல்லை, அதிர்ந்து பேச மாட்டான், முதல் மனைவி யுவஸ்ரீ போன ஐப்பசியில் காய்ச்சலில் இறந்துபோனாள், குழந்தை கிடையாது. இவ்வளவும் சரி. இறந்துபோன மனைவி ஆன்லைனில் இருப்பாள் என்பதை மட்டும் மஞ்சுளா விசாரிக்கவில்லை. யார்தான் விசாரிப்பார்கள்?

“அம்மிணி, அந்தப் போனைக் கொஞ்சம் குடு,” என்றாள்.

பூவாத்தாளின் மகள், மணப்பெண் கோகிலவாணி, கொடுத்தாள். அதில் ‘கிரகத்தோழன்’ என்ற செயலி திறந்திருந்தது. பிறந்த தேதியும் நேரமும் ஊரும் தட்டினால் சாதகம் கணித்துக் கொடுக்கும். அதைத் தோழிகளோடு பகிர்ந்துகொண்டால் ஒரு வட்டம் சேரும். காலையில் எழுந்ததும் வட்டத்தில் இருக்கிற எல்லோருடைய நாளும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்: யாருக்குப் பச்சை, யாருக்குச் சிவப்பு, யார் இன்றைக்கு வாயைத் திறக்காமல் இருப்பது உத்தமம். முன்பெல்லாம் அடுத்த வீட்டுச் சங்கதி தெரிய வேண்டுமென்றால் மதிலில் எக்கிப் பார்க்க வேண்டும். இப்போது அடுத்த வீட்டுக்காரர்களே அனுப்பிவைத்துவிடுகிறார்கள்.

திரையில் மல்லிகைச் சரத்தோடு சிரிக்கும் ஒரு பெண். கீழே: ‘யுவஸ்ரீ தன் சாதகத்தை உங்களுடன் பகிர்ந்திருக்கிறார். சித்திரை நட்சத்திரம், துலாம் ராசி. இன்று யுவஸ்ரீக்குப் பச்சை. புதிய உறவுகள் மலரும்.’

மஞ்சுளாவின் தோள்மேல் எட்டிப் பார்த்த பொன்னாத்தாளின் முகம் சட்டென்று தெளிந்தது.

“சித்திரையா? என்ற மருமவ அஸ்தம், கன்னி ராசி. தினமும் காத்தால பார்த்தவ நானு. ஏனுங்க, பேய்க்குத் தன்ற நட்சத்திரங்கூடவா தெரியாது? எவனோ வேலையத்தவன் பண்றானுங்க.”

“செத்தப்பறம் ஆதார்ல திருத்தம் பண்ணியிருப்பாங்களோ என்னமோ,” என்றார் வாசல்படியில் நின்ற தனசேகர். பல வருடம் போர்வெல் ரிக் வண்டியில் வடக்கே சுற்றிவிட்டு வந்தவர். இப்போது மஞ்சுளாவின் கார் ஓட்டுநர், உதவியாளர், கேட்காமலே கருத்துச் சொல்பவர்.

பூவாத்தாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மஞ்சுளாவுக்கு வரவில்லை. போலி வேலை செய்கிறவன் அசலைப் பார்த்து அச்சாக அடிப்பான். அஸ்தம் என்று வட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெண்ணுக்கு, மெனக்கெட்டு நட்சத்திரத்தை மாற்றி எவனாவது அனுப்புவானா?

“வெள்ளிக்கிழமை உப்புச் சக்கரை மாத்தி உறுதி பண்றோம்,” என்று பொன்னாத்தாள் செருப்பை மாட்டினாள். “அதுக்குள்ள அந்தப் பேயைப் புடிச்சுக் குடுங்க. இல்லீன்னா பேசாம புள்ளையக் குடுங்க.”

மஞ்சுளா காரில் ஏறியபோது, பின்கதவைத் திறந்துகொண்டு கோகிலவாணியும் ஏறினாள்.

“நானும் வாரேனுங்க.”

“உனக்கு எதுக்கு சாமி இந்த அலைச்சல்?”

“எனக்குப் பேய்னா பயமில்லீங்க. அவரைப் புடிச்சிருக்குது. அதான் பயம்.” அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். “அந்த அக்கா எப்படிச் செத்தாங்கன்னு அவர்கிட்ட ரெண்டு தடவை கேட்டேன். காய்ச்சல்ங்கறாரு, உடனே எந்திரிச்சுப் போயிர்றாரு. நான் அந்த ஊட்டுக்கு வாழப் போகோணும். அது தெரியாம வெள்ளிக்கிழமை தட்டுக்கு முன்னால எப்படிங்க உக்கார்றது?”

தனசேகர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். வாயில் வந்த நையாண்டியை விழுங்கிக்கொண்டு கியரைப் போட்டார்.

நாமகிரிப்பேட்டைச் சாலையில் மரவள்ளி ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் கார் ஊர்ந்தது. உச்சி வெயில். மஞ்சுளா யுவஸ்ரீயின் பழைய எண்ணை ஒலிபெருக்கியில் போட்டு அழைத்தாள். ‘உபயோகத்தில் இல்லை’ என்ற குரல் வரும் என்று மூவரும் எதிர்பார்த்தார்கள்.

நாதஸ்வரம் வந்தது.

கல்யாண வீட்டில் வாசிப்பார்களே, அந்த மாதிரி குதூகலமான நாதஸ்வரம். யுவஸ்ரீ ஆசையாக வைத்துவிட்டுப் போன காலர் டியூன். கார் முழுக்க அது நிறைந்தது. கோகிலவாணி கண்ணாடியை இறக்கிவிட்டாள், அது வெளியே போய்விடும் என்பதுபோல. பிறகு, பாட்டின் நடுவிலேயே, யாரோ அழைப்பைத் துண்டித்தார்கள்.

“மேடம், அடிச்சு ஓய்ஞ்சிருந்தாக்கூடப் பரவாயில்லை,” என்றார் தனசேகர். “கட் பண்ணாங்க பாருங்க, அந்தம்மாவுக்கு நாம கூப்புடறது புடிக்கலை போல.”

“கலங்க வேண்டாம்ணே. இவ்வளவு மாசத்துக்கு அப்பறமும் நம்பர் உசிரோட இருக்குன்னா, யாரோ ரீசார்ஜ் பண்றாங்க.”

“பேய்க்கு அன்லிமிடெட் பிளானா? நமக்கு யாரும் போட மாட்டேங்கறாங்களே.”

கோகிலவாணி போனை நீட்டினாள். செயலியில் யுவஸ்ரீயின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி மினுங்கிக்கொண்டிருந்தது. ‘இப்போது ஆன்லைனில்.’ மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருக்க, புள்ளி அணைந்தது.

யுவஸ்ரீயோடு கல்லூரியில் படித்த ரஞ்சிதா நாமகிரிப்பேட்டைக் கடைவீதியில் செல்போன், ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். அந்தச் செயலி வட்டத்தை ஆரம்பித்ததே அவள்தான். விஷயத்தைச் சொன்னதும் கடை ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

“நான் அதைத் திறக்கறதையே விட்டுட்டேன் மேடம். அவ செத்த மறுநாள் காலைல பார்க்கறேன், ‘இன்று யுவஸ்ரீக்குச் சிவப்பு, ஓய்வெடுக்கவும்’னு வருது. தீபாவளிக்கு ‘புத்தாடை சேரும்’னு. பொங்கலுக்கு ‘பிறந்த வீட்டிலிருந்து நல்ல செய்தி’ன்னு. அவங்க அம்மா அப்ப அழுதுட்டுக் கெடக்குது. அதை அழிக்கவும் மனசு வரலை, பார்க்கவும் முடியலை.”

“அவளோட நட்சத்திரம் என்ன?”

“அஸ்தம்னு காட்டும். ஆனா அவளுக்குச் சாதகமே கிடையாதுங்களே. அவங்க ரெண்டு வீட்டுலயும் சாதகம் பார்க்கற வழக்கம் இல்லை. கோயில்ல பூக் கேட்டாங்க, வெள்ளைப்பூ வந்துச்சு, கல்யாணம் முடிஞ்சுது. அப்பறம் சந்தோஷ் அண்ணனுக்கு இந்த ஆப் கிறுக்குப் புடிச்சு, அவர்தான் அவளுக்கும் போட்டுக் குடுத்தாரு. அதுக்கப்பறம் அந்த வீட்டுல இதைக் கேக்காம யாரும் ஆலைக்கதவைக்கூடத் திறக்க மாட்டாங்க.”

காகிதத்தில் இல்லாத சாதகம். முதல் தடவை கணித்ததே போன்தான். மஞ்சுளாவுக்கு ஏதோ ஒன்று பல்லில் மாட்டிய நார்போல உறுத்தியது.

“பொறந்தநாள் எப்பக் கொண்டாடுவீங்க?”

“பதிமூணாந்தேதி. காலேஜ்ல வருசா வருசம் நாந்தான் கேக் வாங்குவேன். போன மாசங்கூட அவ கேக் வெட்டற போட்டோவை ஸ்டேட்டஸ்ல வெச்சேன்.” ரஞ்சிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அவங்க வீட்டுல மட்டும் செவ்வாய்க்கிழமை பொறந்தவன்னு சொல்லுவாங்க. பதிமூணு புதன்கிழமை. கேட்டா, செவ்வாய்க்கிழமை ராத்திரி, விடியறதுக்கு முன்னாடி பொறந்தாளாம். விடியற வரைக்கும் முந்தின நாள் கணக்குதானே மேடம், நம்ம பக்கம்?”

மஞ்சுளா எழுந்து நின்றுவிட்டாள்.

“அண்ணே, உங்க போன்ல அந்த ஆப்பை இறக்குங்க. பன்னெண்டாந்தேதி, விடியக்காலம் நாலு மணி போடுங்க.”

தனசேகர் ஒற்றை விரலால் தட்டினார். “அஸ்தம், கன்னி.”

“இப்ப பதிமூணு, அதே நாலு மணி.”

தனசேகர் தட்டினார். அவர் முகத்தில் எப்போதும் தொங்கும் அந்தக் கோணல் சிரிப்பைக் காணோம்.

“சித்திரை, துலாம். மேடம், பேய் சொன்னதுதான் சரி.”

நம் ஊரில் நாள் பிறப்பது சூரியன் வந்த பிறகு. போனுக்கு நள்ளிரவிலேயே பிறந்துவிடுகிறது. செவ்வாய் ராத்திரி பிறந்தவளுக்குச் செவ்வாய்க்கிழமைத் தேதியைப் போட்டு, ஒரு நாள் முழுதாகப் பின்னால் தள்ளி, வேறு யாருடைய சாதகத்தையோ அவள் தலையில் கட்டிவிட்டார்கள். அந்தக் கடன்வாங்கிய சாதகத்தோடுதான் அவள் வாழ்ந்தாள்.

“தப்புத் தேதி யாரு குடுத்தது?” என்று கேட்டாள் கோகிலவாணி. அதுவரை அவள் ஜெராக்ஸ் இயந்திரத்தின் ஓரம் ஒதுங்கி நின்றிருந்தாள்.

“பொன்னாத்தா அத்தை. யுவஸ்ரீ பதிமூணுன்னுதான் சொன்னாளாம். ‘செவ்வாய்க்கிழமை பொறந்துட்டு எவளாச்சும் புதன்கிழமைத் தேதி போடுவாளா’ன்னு அத்தை அதட்டிட்டாங்களாம். எங்கிட்டச் சொல்லிச் சிரிச்சா.”

“அவ போன் அந்த வீட்டுலதான் இருக்கணும். வண்டியை ஆலைக்கு விடுங்கண்ணே,” என்றாள் மஞ்சுளா.

சந்தோஷ்குமாரின் ஆலைக் களத்தில் சவ்வரிசி காய்ந்துகொண்டிருந்தது. கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை. வெயில் அதில் பட்டுத் திரும்பி, நிழல் என்ற ஒன்றே இல்லாதபடி செய்திருந்தது. வேலைப் பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நடுக்களத்தில் அவன் மட்டும், வெள்ளைச் சட்டையில், எதற்கோ காத்திருப்பவன்போல நின்றான். பேய் வருவதற்கு ராத்திரி எதற்கு என்று மஞ்சுளாவுக்குத் தோன்றியது.

கோகிலவாணி காரிலேயே இருந்தாள், கண்ணாடியை இறக்கிவிட்டு.

“ஒரு நல்ல சேதிங்க,” என்றாள் மஞ்சுளா உற்சாகமாக. “பேயைக் கண்டுபுடிச்சாச்சு. வெறும் போலி. உங்க சம்சாரம் பொறந்த தேதிகூடத் தெரியாத எவனோ சித்திரைன்னு போட்டு ஏமாத்தியிருக்கான். ஆப் கம்பெனிக்கு எழுதிட்டோம், இன்னிக்கே அந்தத் தப்புச் சாதகத்தை அழிச்சுருவாங்க.”

போலி ஆளாக இருந்தால் அப்பாடா என்று பெருமூச்சு விடுவான். சம்பந்தமில்லாதவன் நன்றி சொல்லுவான். சந்தோஷ்குமாரின் கை சட்டைப்பையை அழுத்திப் பிடித்தது.

“அழிக்க வேண்டாம்னு சொல்லுங்க.” அவசரமாகச் சொன்னான். “அது தப்பில்லீங்க. அதுதான் அவளுது.”

தனசேகர் கையை நீட்டினார். சந்தோஷ்குமார் பையிலிருந்து இரண்டாவது போனை எடுத்துக் கொடுத்தான். பின்பக்கம் மயில் படம் ஒட்டிய பெண்பிள்ளை போன்.

“இங்க டாக்டர் டெங்குன்னாரு. உடனே சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னாரு,” என்றான் தரையைப் பார்த்தபடி. “நான் ஆப்பைப் பார்த்தேன். கன்னி ராசிக்குச் சந்திராஷ்டமம், பயணம் ஆகாதுன்னு போட்டிருந்துச்சு. அம்மாவும் பார்த்தாங்க. அது முடியட்டும், வண்டியெடுக்கலாம்னு இருந்தோம். அவ படுத்த படுக்கைல, ‘என்ற தேதி அதில்லீங்க, என்ற தேதி அதில்லீங்க’ன்னு சொல்லிட்டே இருந்தா. ஜன்னில உளர்றான்னு நெனச்சேனுங்க.”

காற்று இல்லை. களத்தில் எங்கோ ஒரு காகம் மட்டும் சவ்வரிசியைக் கொத்திவிட்டுத் துப்பியது.

“போன மாசம் ரஞ்சிதா ஸ்டேட்டஸ் பார்த்தேன். பதிமூணுன்னு இருந்துச்சு. மாத்திப் போட்டுப் பார்த்தேன். துலாம். அவ காய்ச்சல்ல கெடந்த நாளுக்குப் பின்னால தள்ளிப் பார்த்தேன். நாங்க காத்துட்டிருந்த நாளெல்லாம் அவளுக்குப் பச்சைங்க. வண்டியெடுத்தோம் பாருங்க, அன்னிக்குத்தான் நெசமான சந்திராஷ்டமம் ஆரம்பிக்குது. பாதி வழில போயிட்டா.”

“அதைக் கோகிலவாணிக்கு எதுக்கு அனுப்புனீங்க?”

“வாயில சொல்ல வரலீங்க. அவளே சொல்லட்டும்னு அனுப்பிட்டேன்.”

ஆலைக் கதவருகே ஏதோ விழும் சத்தம். பொன்னாத்தாள் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ, எதுவரை கேட்டாளோ, கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கு கீழே உருண்டு ரசம் வெள்ளைக் களத்தில் ஓடியது. காலையில் ஒரு தெருவையே அதட்டிய குரல் இப்போது அவளுக்கே கேட்காத அளவில் வந்தது.

“அவ சொன்னாளே. பதிமூணுன்னு அவ சொன்னாளே சாமி.”

“அம்மா, நீங்க உள்ள போங்க.”

“கொசு தேதி கேட்டுக் கடிக்கறதில்லீங்க தம்பி,” என்றார் தனசேகர். நையாண்டிக்காரர்தான். இதைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை.

காரின் கதவு திறந்தது. கோகிலவாணி இறங்கி, களத்தின் விளிம்பில், சவ்வரிசியை மிதிக்காமல் நின்றாள்.

“எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நாளைக்கு எனக்கு அந்த மாதிரி காய்ச்சல் வந்தா, டாக்டர் சொன்ன அன்னிக்கே கூட்டிட்டுப் போவீங்களா?”

சந்தோஷ்குமார் நிமிர்ந்தான். முகத்தில் எத்தனையோ மாதத்து இருட்டுக்குப் பிறகு ஒரு வெளிச்சம். அவன் பொய் சொல்லவில்லை. மனதாரத்தான் சொன்னான்.

“சத்தியமாப் போவேனுங்க. இனி ஒரு தப்பு நடக்க விட மாட்டேன்.” அரை அடி முன்னால் வந்தான். “ஆனா உங்க பொறந்த தேதி... அது சரியானதுதானுங்களே? விடியறதுக்கு முன்னாடியா, அப்பறமா? ஆஸ்பத்திரில பொறந்தீங்களா? அதை மட்டும் இப்பவே நல்லா விசாரிச்சு வெச்சுக்கிட்டம்னா...”

அவன் பேசிக்கொண்டே இருந்தான். கோகிலவாணி கேட்டுக்கொண்டே இருந்தாள், ரொம்பப் பொறுமையாக, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவர்களைப்போல. அவன் குற்றம் சொல்வது இன்னும் அந்தத் தேதியைத்தான் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. மஞ்சுளாவுக்கும் விளங்கியது. நல்லவன் என்று எழுதிக் கொடுத்தாளே, அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

“வாரேனுங்க,” என்று பொன்னாத்தாளைப் பார்த்துக் கும்பிட்டாள் கோகிலவாணி. அந்த அம்மாளும் தன்னையறியாமல் திருப்பிக் கும்பிட்டாள்.

கார் ராசிபுரம் எல்லையைத் தொட்டது. “அந்தப் பையன் கெட்டவனில்லீங்க,” என்றாள் கோகிலவாணி. “அதனாலதான் அழுகை வருது.” மஞ்சுளா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தனசேகர் வண்டியை ஓரம் கட்டி, கேட்காமலே எல்லோருக்கும் இளநீர் வாங்கிவந்தார்.

வெள்ளிக்கிழமை உப்புச் சக்கரை மாற்றவில்லை. ஏன் என்று பூவாத்தாள் வெளியே மூச்சுவிடவில்லை என்று சொல்கிறாள். எதிர்வீட்டு மாடிக்கு மட்டும் எப்படித் தெரிந்ததோ. அடுத்த ஆவணியில் கோகிலவாணி பெருந்துறையில் ஒரு தீவனக்கடைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். எடுத்ததற்கெல்லாம் கத்துகிறவன், ஆனால் அவளுக்குத் தலைவலி என்றால் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிடுகிறானாம். ரஞ்சிதாவுக்கு ஆத்தூரில் மாப்பிள்ளை அமைய, கடையைக் கைமாற்றிவிட்டாள்.

சந்தோஷ்குமார் ஆலையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஓசூரில் ஏதோ கம்பெனி வேலைக்குப் போனான். அங்கேயே ஒரு பெண்ணைப் பதிவு அலுவலகத்தில் கட்டிக்கொண்டான் என்று சேதி வந்தது, அதுவும் ஆடி மாதத்தில். நாள் பார்க்கவில்லையா, பார்க்கத் தோன்றவில்லையா, அந்தப் பெண்தான் பார்க்க விடவில்லையா என்று நாமகிரிப்பேட்டையில் இன்றுவரை தீர்ந்தபாடில்லை. பொன்னாத்தாள் கல்யாணத்துக்குப் போனாள். யுவஸ்ரீயின் தாயை, காலில் விழாத குறையாகக் கெஞ்சி, கூடவே கூட்டிக்கொண்டு போனாள். இருவரும் முன்வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்களாம், ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசாமல். திரும்பி வந்ததும் பொன்னாத்தாள் வீட்டைப் பூட்டினாள். மகனிடம் போவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவள் போனது யுவஸ்ரீயின் தாய் வீட்டுக்கு. அந்த அம்மாவுக்கு வேறு யாரும் இல்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.